ரேச்சல் கார்சன் அம்மையார்

கதையும் கவிதையுமே இலக்கியம் என்று எண்ணுவோர் உளர். அறிவியல் உண்மைகளை உள்ளவாறு உரைக்கும் உரைநடையும் சிறந்த இலக்கியமாதல் கூடும். இதனைத் தம் நூல்களால் மெய்ப்பித்தவர் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் அம்மையார்.

இவர் 1907 ஆம் ஆண்டு மே திங்கள் 27 ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்னையார் மரியா, பறவைகளையும் பூச்சிகளையும் உற்றுநோக்கும் பழக்கத்தை மகளுக்கு இளமையிலேயே ஊட்டினார். எழுத்தாளராகும் விருப்புடன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலத் தொடங்கிய ரேச்சல், உயிரியலில் ஈடுபாடு மிக்கு அதனையே தம் பாடமாக ஏற்றார். 1932 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1935 இல் தந்தையார் காலமானார். குடும்பச் சுமை ரேச்சலின் தோள்மேல் ஏறியது. அரசின் மீன்வளத்துறைக்கு வானொலி உரைகள் எழுதிவந்த அவர், மறு ஆண்டில் அங்கேயே நிலையான பணியில் அமர்ந்தார். அலுவல் போக எஞ்சிய பொழுதில் நூல் எழுதினார். 1941 இல் வெளிவந்த முதல் நூல், போர்க் காலத்தில் போதிய வரவேற்புப் பெறவில்லை. எனினும் அம்மையார் மனந்தளரவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1951 இல், 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்னும் நூல் வெளியாயிற்று. கடலின் தோற்றமும், அலைகளின் இயக்கமும், ஆழ்கடலின் இருளும் அதில் எளிய, இனிய நடையில் விளக்கப்பெற்றன. மிகுதியாக விற்பனையாகும் நூல்களின் வரிசையில் அது 86 வாரங்கள் இடம்பெற்றது. 1952 இல் அமெரிக்கத் தேசிய நூல் பரிசும் ஜான் பரோஸ் பதக்கமும் அம்மையாரை வந்தடைந்தன. அவ்வாண்டே அவர் அரசுப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

புகழோடு அமைந்து வாழ அவர் விரும்பினாரல்லர். அக்காலத்தில் டி.டி.டி. முதலிய பூச்சிக்கொல்லிகள் வயல்களிலும் காடுகளிலும் வரையறையின்றித் தெளிக்கப்பட்டன. அந்நஞ்சு மண்ணிலும் நீரிலும் கலந்தது. புழுக்களையும் மீன்களையும் உண்ட பறவைகளின் உடலில் சேர்ந்து அவற்றை மாய்த்தது. இவ்வுண்மையைத் தக்க சான்றுகளுடன் 'மௌன வசந்தம்' என்னும் நூலில் அம்மையார் 1962 இல் வெளிப்படுத்தினார். சான்றுகளின் பட்டியல் மட்டுமே ஐம்பது பக்கங்களுக்கு மேல் நீண்டது.

இரசாயன நிறுவனங்கள் வெகுண்டெழுந்தன. பூச்சிக்கொல்லிகளை அறவே கைவிட வேண்டும் என்று அம்மையார் கூறவில்லை. அளவறிந்து, விளைவறிந்து பயன்படுத்த வேண்டும் என்றே வற்புறுத்தினார். ஆயினும் அவரது அறிவையும் நோக்கத்தையும் பலர் பழித்தனர். அவ்வேளையில் கொடிய புற்றுநோய் அவர் உடலை வாட்டிக்கொண்டிருந்தது. அதனைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து, அறிஞர் அவையிலும் தொலைக்காட்சியிலும் அமைதியாக விடையிறுத்தார். 1963 இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு, அவரது எச்சரிக்கை பெரிதும் பொருத்தமானதே என்று உறுதிசெய்தது.

1964 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14 ஆம் நாள், தம் 56 ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். 1972 இல் அமெரிக்க அரசு டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 1980 இல் அந்நாட்டின் உயரிய விருதான குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது.

கடலைப் பற்றிய நூல் அவருக்குப் பெருமை தேடித் தந்தது. அப்பெருமையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, வாய்பேச இயலாத உயிர்களின் பொருட்டுச் செலவிட்டார். எழுத்தாளன் பெறும் பரிசினும், அப்பரிசால் வந்த செல்வாக்கை அவன் பயன்படுத்தும் நெறியே பெரிதென்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.