கறிக்கடைக்காரர் கண்ட விளையாட்டு!

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் அம்பத்தூர் பக்கம் எந்த மைதானத்தை எட்டிப் பார்த்தாலும் ஒரே கூட்டமாக இருக்கும். ஒரே மைதானத்தில் நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். இந்த ஆட்டத்தில் அடித்த பந்தை அந்த ஆட்டத்தில் நிற்பவர் எடுத்து எறிவார். இடமும் குறைவு, நேரமும் குறைவு! அதனால் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஓர் அணிக்கு ஏழு பேர், ஆறே ஆறு ஓவர். பொழுது சாய்வதற்குள் ஃபைனலும் முடிந்துவிடும்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த வழி எனக்குத் தெரியாமல் போனது. ஒரு முறை பள்ளியில் வகுப்புகளுக்கு இடையே கபடிப் போட்டி வைத்தேன். முழு நேர ஆட்டமாகத்தான் ஆட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அரையிறுதிக்கு முன்பே இருட்டிவிட்டது. பரிசாக வாங்கி வைத்திருந்த பேனாக்களை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்று பிள்ளைகள் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை.

இதே சிக்கலை 1883ஆம் ஆண்டிலேயே ஒருவர் தீர்த்து வைத்தார். அவர் ஆசிரியர் அல்ல, பெரிய பணக்காரரும் அல்ல. ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு சின்ன ஊரின் கறிக்கடையில் வேலை பார்த்தவர். பெயர் நெட் ஹேக். அவர் சுருக்கியது கிரிக்கெட்டை அல்ல, ரக்பியை!

ரக்பி என்றால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டை நோக்கி ஓட வேண்டும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் அதற்கு 'டிரை' என்று பெயர், புள்ளிகள் கிடைக்கும். எதிரணியினர் சும்மா இருப்பார்களா? பந்து வைத்திருப்பவரைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். கபடியில் பாடி வருபவரை மடக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு வேடிக்கையான விதியும் உண்டு. பந்தைக் கையால் முன்னால் இருப்பவருக்கு வீசக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். முன்னேற வேண்டுமானால் பின்னால் கொடுக்க வேண்டும்!

முழு ரக்பி ஆட்டத்தில் ஓர் அணிக்கு 15 பேர். இன்றைய கணக்கில் ஆட்ட நேரம் 80 நிமிடம்.

இனி நெட் ஹேக்கின் கதைக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1858ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி. ஊர், ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் உள்ள ஜெட்பரோ. சிறு வயதிலேயே பக்கத்தில் இருக்கும் மெல்ரோஸ் என்ற ஊருக்கு வந்துவிட்டார். மெல்ரோஸ் அழகான ஊர். ஒரு பக்கம் ட்வீட் ஆறு, மறுபக்கம் மூன்று சிகரங்கள் கொண்ட குன்று, நடுவில் இடிந்து நிற்கும் பழைய மடாலயம். ஊர் மிகச் சிறியது. அங்கே கறிக்கடையில் தொழில் பழகினார் ஹேக். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ரக்பிதான். மெல்ரோஸ் அணியில் இடம் பிடித்தார்.

அந்த அணியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். மெல்ரோஸுக்கு அருகில் காலாஷீல்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. கம்பளி ஆலைகள் நிறைந்த, கொஞ்சம் பெரிய ஊர். முதலில் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே சங்கமாகத்தான் ஆடினார்கள். 1877ஆம் ஆண்டு சண்டை வந்து பிரிந்தார்கள். பிரிந்தபோது மெல்ரோஸ்காரர்கள் இரவோடு இரவாக கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு தங்கள் ஊருக்குப் போய்விட்டார்களாம்! இது எவ்வளவு உண்மையோ, இரண்டு ஊருக்கும் ஆகாமல் போனது மட்டும் நிச்சயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சங்கம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் காசு இல்லை! சின்ன ஊர் என்பதால் டிக்கெட் வாங்கிப் பார்க்க வருபவர்களும் குறைவு. இப்படியே போனால் சங்கத்தை மூடிவிட வேண்டியதுதான்.

சங்கங்கள் மூடப்படுவது அந்தக் காலத்தில் புதிதல்ல. நம் நாட்டிலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1873ஆம் ஆண்டு கல்கத்தாவில் அங்கிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி சங்கம் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில் ஆட ஆள் இல்லாமல் போய்விட்டது. வங்கியில் மட்டும் பணம் இருந்தது. அதை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள், மூடியின் மேல் ஒரு யானை! இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ரக்பி ஆட்டத்தில் வெல்பவருக்கு இன்றும் 'கல்கத்தா கோப்பை' என்ற பெயரில்தான் பரிசு. அந்தச் சங்கத்தில் பணம் இருந்தது, ஆள் இல்லை. மெல்ரோஸில் ஆள் இருந்தார்கள், பணம் இல்லை!

என்ன செய்யலாம் என்று மெல்ரோஸ்காரர்கள் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். அப்போதுதான் ஹேக்குக்கு அந்த யோசனை தோன்றியது. அவருக்கு வயது 24.

ஊரில் ஒரு விளையாட்டு விழா நடத்துவோம், சுற்று வட்டார அணிகளை எல்லாம் ஒரே நாளில் அழைப்போம், கூட்டம் வரும், டிக்கெட் விற்கும் என்று நினைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே மதியத்தில் அத்தனை ஆட்டங்களை எப்படி முடிப்பது? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அணிகள் மோதி, தோற்றவர் வெளியேறினால், ஒருவர் வெல்வதற்கு மொத்தம் ஏழு ஆட்டங்கள் நடக்க வேண்டும். ஓர் ஆட்டம் 80 நிமிடம் என்றால் 560 நிமிடம். அதாவது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்! என் கபடிப் போட்டிக்கு வந்த அதே வினை!

ஹேக் இரண்டு இடங்களில் கை வைத்தார். ஓர் அணிக்கு 15 பேருக்குப் பதில் ஏழு பேர். ஓர் ஆட்டத்துக்கு 15 நிமிடம். இப்போது அதே ஏழு ஆட்டங்களுக்கு 105 நிமிடம் போதும். இரண்டு மணி நேரம்கூட இல்லை!

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நேரத்தை மட்டும் குறைத்திருந்தால் ஆட்டம் சப்பென்று போயிருக்கும். ஏன் தெரியுமா? ரக்பி மைதானத்தின் அகலம் சுமார் 70 மீட்டர். 15 பேர் வரிசையாக நின்றால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஐந்து மீட்டருக்கும் குறைவு. புகுந்து போக வழியே இருக்காது. புள்ளி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். ஏழு பேர் என்றால் ஆளுக்குப் பத்து மீட்டர் காக்க வேண்டும். ஓட்டை கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் தப்பி ஓடினால் பிடிக்க ஆள் இருக்காது. பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம், ஆடுபவர்களுக்கு மூச்சு முட்டும்! அதனால்தான் நேரமும் குறைவாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒன்றைக் குறைத்தது மற்றொன்றுக்குத் துணையாக அமைந்துவிட்டது. நம் கபடியிலும் களத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர்தான் என்பதைக் கவனித்தீர்களா?

ஹேக் தனியாகவே எல்லாம் செய்துவிடவில்லை. அணித் தலைவர் டேவிட் சாண்டர்சன் உடன் நின்றார். அவரும் கறிக்கடைத் தொழில்காரர்தான்! ஊர்ப் பெண்கள் ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

1883ஆம் ஆண்டு ஏப்ரல் 28, சனிக்கிழமை. மெல்ரோஸில் உள்ள கிரீன்யார்ட்ஸ் மைதானத்தில் விழா. காலாஷீல்ஸிலிருந்தும் ஹாய்க் என்ற ஊரிலிருந்தும் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். ரயிலில் மட்டும் சுமார் 1,600 பேர் வந்து இறங்கினார்கள். ஓட்டப்பந்தயம், பந்தை உதைக்கும் போட்டி என்று வேறு விளையாட்டுகளும் இருந்தன. ஆனால் எல்லார் கண்ணும் அந்த ஏழு பேர் ஆட்டத்தின் மீதுதான்.

இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? மெல்ரோஸும், காலாஷீல்ஸின் அணியான காலாவும்! கோல் கம்பத்துக்குச் சண்டை போட்ட அதே இரண்டு ஊர்கள்! ஹேக்கும் மெல்ரோஸ் அணியில் ஆடினார்.

15 நிமிடம் ஆடியும் வெற்றி தோல்வி இல்லை. கூடுதல் நேரம் ஆடலாம் என்று சாண்டர்சன் யோசனை சொன்னார். ஆடினார்கள். மெல்ரோஸ் ஒரு டிரை எடுத்தது. எடுத்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? வென்றுவிட்டோம் என்று சொல்லி மைதானத்தை விட்டு வெளியே நடந்துவிட்டார்கள்! கூடுதல் நேரத்தில் இன்னும் பாக்கி இருக்கிறது, அதையும் ஆடித்தான் ஆக வேண்டும் என்று காலா அணியினர் கத்தினார்கள். பயனில்லை. கோப்பை மெல்ரோஸுக்கே போனது.

இது சரியா? எனக்கு என்னவோ காலாக்காரர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. கூடுதல் நேரம் எப்போது முடியும் என்பதை முன்கூட்டியே எல்லாரும் பேசி வைத்திருக்க வேண்டும். புது ஆட்டம் என்பதால் அதை யாரும் யோசிக்கவில்லை. முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்பது பிற்காலத்தில் இந்த ஆட்டத்தின் விதியாகவே ஆனது. ஆனால் அன்றைக்கு அப்படி ஒரு விதி இல்லையே! நீங்கள் நடுவராக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பீர்கள்?

தகராறு ஒரு பக்கம் இருக்கட்டும். விழா பெரிய வெற்றி. சங்கம் பிழைத்தது. பார்த்துவிட்டுப் போன பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலும் இதே போல் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். வசந்த காலம் வந்தால் அந்த வட்டாரம் முழுவதும் ஏழு பேர் ரக்பிதான்.

ஆனால் குழந்தைகளே, அது அந்த வட்டாரத்தைத் தாண்டப் பல ஆண்டுகள் பிடித்தன. லண்டனில் பெரிய அளவில் இந்தப் போட்டி தொடங்கியது 1926ஆம் ஆண்டுதான். அதற்குள் ஹேக்குக்கு 67 வயது! இடையில் அவர் தன் பழைய நினைவுகளை எழுதியபோது, காசு இல்லாத கஷ்டத்தில்தான் இந்த யோசனை வந்தது என்று மறைக்காமல் எழுதினார். ஏதோ பெரிய விளையாட்டு மேதை போல் காட்டிக்கொள்ளவில்லை. ஆட்டத்தை நிறுத்திய பிறகும் சங்க வேலைகளைச் செய்துகொண்டே இருந்தார். 1939ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி, தன் 80ஆவது வயதில் காலமானார்.

அவர் பார்க்காமல் போனவை நிறைய. 1976இல் ஹாங்காங்கில் ஏழு பேர் போட்டி தொடங்கியது. 1993இல் இந்த ஆட்டத்துக்கு முதல் உலகக் கோப்பை நடந்தது, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். அந்தக் கோப்பைக்கு வைத்த பெயர் 'மெல்ரோஸ் கோப்பை'! 2008இல் உலக ரக்பி அமைப்பின் புகழ்ப் பட்டியலில் ஹேக்கின் பெயரும் மெல்ரோஸ் சங்கத்தின் பெயரும் சேர்ந்தே இடம் பெற்றன. 13 பேர் ஆடும் 'ரக்பி லீக்' என்று இன்னொரு வகை உண்டு. அதிலும் ஒன்பது பேர் ஆடும் குறுகிய ஆட்டம் வந்துவிட்டது.

ஒலிம்பிக்கில் 1924ஆம் ஆண்டோடு ரக்பியை நிறுத்திவிட்டிருந்தார்கள். 92 ஆண்டுகள் கழித்து, 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அது மீண்டும் நுழைந்தது. 15 பேர் ஆட்டமாக அல்ல, ஏழு பேர் ஆட்டமாக! ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றது பிஜி. பத்து லட்சம் பேர்கூட இல்லாத குட்டித் தீவு நாடு அது. அந்த நாடு ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கமே அதுதான். சந்தோஷத்தில் பிஜி அரசு என்ன செய்தது தெரியுமா? அடுத்த ஆண்டே ஏழு டாலர் நோட்டு ஒன்றை அச்சடித்து வெளியிட்டது. ஐந்து உண்டு, பத்து உண்டு, ஏழு எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நம் ஊர்ச் செய்தியைச் சொல்லாமல் விடுவேனா? 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் நாட்டில் 'ரக்பி பிரீமியர் லீக்' என்ற ஏழு பேர் போட்டி முதல் முறையாக நடந்தது. ஆறு அணிகள் மோதின. எல்லா ஆட்டங்களும் மும்பையில். இந்திய வீரர்களும் வெளிநாட்டு வீரர்களும் கலந்து ஆடினார்கள். சென்னையின் பெயரில் இறங்கிய 'சென்னை புல்ஸ்' அணி இறுதிப் போட்டியில் டெல்லி அணியை 41-0 என்று தோற்கடித்து முதல் கோப்பையைத் தட்டி வந்தது!

அந்தப் போட்டியில் ஆட்ட நேரத்தை நான்கு நான்கு நிமிடங்களாக நான்கு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். மொத்தம் 16 நிமிடம். மெல்ரோஸில் நெட் ஹேக் வைத்ததைவிட ஒரே ஒரு நிமிடம்தான் அதிகம்!