கலங்கல் தந்த மேதையும் ஆடிக் காற்றும்

சிங்காநல்லூரில் பேருந்து ஏறித் திருச்சி சாலையில் கிழக்கே சென்றால் ஒண்டிப்புதூர், சூலூர், பல்லடம் என ஊர்கள் வரும். பல்லடத்திலிருந்து உடுமலை நோக்கித் திரும்பினால் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள் வரிசையாய் நிற்பதைக் காணலாம். இந்த வழியில் சூலூரை அடுத்துள்ள சிற்றூர்தான் கலங்கல். அங்கே 1893 மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. அவர் காற்றாலை எதனையும் நிறுவியவரல்லர். ஆயினும் காற்றாலையின் உச்சியில் சுழலும் பொறியைப் புரிந்துகொள்ள அவர் வரலாற்றைவிட நல்ல வாயில் நம் பகுதியில் இல்லை என்பது என் எண்ணம்.

பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. வருவாய்த்துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதுதான் அவர் வாழ்வின் திருப்பம். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவதா என்ற வியப்பு அவரை விடவில்லை. கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அந்த அதிகாரியிடமே வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர்சுற்றப் போகவில்லை. அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்?

1920இல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்தக் கதை ஊரறிந்தது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தது. அதைக் கொண்டு இயங்கும் மோட்டாரோ கடல் கடந்து வரவேண்டியிருந்தது. இந்நிலையில்தான் 1937இல், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படும் பொறி, நமக்கு அடுத்த பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்கூடத்திலிருந்து வெளிவந்தது. அதில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் பங்கு பெரிது. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவரே. ஒருவரைப் புகழும்போது மற்றவரை மறந்துவிடுவது நம்மிடையே உள்ள குறை.

எருது பூட்டிக் கவலை இறைத்த கொங்குக் கிணறுகளுக்கு மோட்டார் வந்து சேர்ந்தது. மாடுகளின் பாடு ஒழிந்தது. உழவர் விடியற்காலை உறக்கத்தை மீட்டுக்கொண்டார். ஆனால் மாடு இழுக்கும் ஆழத்துக்கு ஓர் எல்லை இருந்தது, மோட்டாருக்கு அது இல்லை. கிணறு வற்ற வற்றத் தோண்டினோம். பின்பு ஆழ்குழாய் போட்டு நூறு நூறு அடியாக இறங்கினோம். அதற்குப் பொறியைக் குற்றம் சொல்ல முடியாது.

1945இல் நாயுடுவின் முயற்சியால், அப்போதைய ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றியது. இன்று தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது அதுவே. கல்லூரி இடம் மாறிய பின்னும் காமராசர் சாலை அவிநாசி சாலையைத் தொடும் நிறுத்தத்தை நாம் ஹோப் காலேஜ் என்றே சொல்லிவருகிறோம். பள்ளியை விட்டு வந்தவர் கல்லூரிக்கு வித்திட்டார்! 1974 சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1986இல், தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழகத்தின் காற்றாலைகள் மின்சாரம் தரத் தொடங்கின. தொண்ணூறுகளில் அவை பல்லடம், உடுமலைப் பக்கமும் பரவின. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கிறது. அம்மியையும் அசைக்கும் ஆடிக் காற்று அவ்வழியே புகுந்து வருகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், இந்தக் கணவாய் நமக்கு ஒரு புதையல்.

அந்தக் காலத்துக் காற்றாலைகள் பலவற்றின் உள்ளே இருந்தது கிணற்று மோட்டாரின் உறவுக்காரப் பொறியே. நாம் காணும் மூன்று இணைப்பு மோட்டாரில், கம்பிச் சுருள்களில் பாயும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தைச் சுழற்றுகிறது. நான்கு துருவம் கொண்ட மோட்டாரில் அது நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். நடுவே உள்ள சுழலி அதைத் துரத்திக்கொண்டு, சற்றே பின்தங்கி, 1440 அளவில் ஓடும். பின்தங்கும்வரை அது மின்சாரத்தை உண்ணும். அதே சுழலியை வெளியிலிருந்து ஒரு விசை 1500க்கு மேல் தள்ளினால், உண்ட பொறி ஊட்டத் தொடங்கும். மின்சாரம் கம்பிக்குத் திரும்பும். காற்றாலை செய்வது அதுதான். விமான இறக்கை போல் வளைந்த மூன்று அலகுகளைக் காற்று நிமிடத்துக்கு நாற்பது சுற்று அளவில் திருப்ப, பற்சக்கரப் பெட்டி அதை ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் உயர்த்துகிறது. இன்றைய பெரிய காற்றாலைகளில் நுட்பம் வேறாக வளர்ந்துவிட்டது.

அந்தப் பழைய பொறிக்கு ஒரு விந்தையும் உண்டு. தன் காந்தத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தை அது கம்பியிடமிருந்தே கடன் வாங்குகிறது. ஆகவே கம்பியில் மின்சாரம் நின்றுபோனால், ஆடிக் காற்று எவ்வளவு வீசினாலும் அது சும்மா நிற்கும்.