அகராதிப் பெரியார் ஜேம்ஸ் மரே

ஸ்காட்லாந்து நாட்டின் தென்பகுதியில் டென்ஹோம் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்த் தையற்காரர் ஒருவருக்கு 1837-ஆம் ஆண்டில் மகனாய்ப் பிறந்தவரே ஜேம்ஸ் மரே. குடும்பத்தின் வறுமையால் அவரது பள்ளிப் படிப்பு 14-ஆம் வயதோடு நின்றது. ஆயினும் கற்கும் வேட்கை நிற்கவில்லை. அவர் தம் முயற்சியாலேயே பல மொழிகளைப் பயின்றார். 17-ஆம் வயதில் ஹாயிக் நகரத்துப் பள்ளியொன்றில் துணையாசிரியரானார். பின்னர், மனைவியின் நோய் காரணமாக இலண்டன் சென்று, வங்கியொன்றில் எழுத்தராய் அமர்ந்தார். 1870-இல் மில் ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியப் பணியை ஏற்றார்.

அக்காலத்தில் இலண்டன் மொழிநூற்கழகத்தார், ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைக் கூறும் பேரகராதி ஒன்றை உருவாக்க முயன்று வந்தனர். அன்பர் பலர் பழைய நூல்களைப் படித்து, சொற்கள் பயின்றுவரும் இடங்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். 1879-இல் பதிப்பாசிரியர் பொறுப்பு மரேயிடம் வந்தது. அவர் இரும்புத் தகட்டாலான கொட்டகை ஒன்றை அமைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றறைகளில் சீட்டுகளை அடுக்கினார். அவருடைய மக்களும் சீட்டுகளை அகரவரிசைப்படுத்தி உதவினர். 1885-இல் அவர் ஆக்ஸ்போர்டு நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கும் அத்தகைய கொட்டகையிலேயே உழைத்தார்.

அகரவரிசை சொல்லின் முதலெழுத்தையே நோக்குவது. ஆதலின், ஒரே ஈறுடைய சொற்கள் அகராதியில் சிதறிக் கிடக்கும். அரசு எனப் பொருள்படும் ‘கிங்டம்’, விடுதலை எனப்படும் ‘ஃப்ரீடம்’, அறிவுடைமை எனப்படும் ‘விஸ்டம்’ ஆகியவை ஒன்றையொன்று காணா. புனிதப் பொருளைக் குறித்து, முற்காலத்தார் ஆணையிடுங்கால் வழங்கிய ‘ஹாலிடம்’ என்னும் அருஞ்சொல்லோ யாவராலும் மறக்கப்பட்டது. பிரிந்த இவ்வுறவினரை ஒன்றுகூட்டும் பொருட்டு, மரே தம் அகராதியில் ‘டம்’ என்னும் ஈற்றுக்கே தனி இடம் அளித்தார். அவ்வீறு பழைய ஆங்கிலத்தில் தனித்து நின்ற ஒரு சொல்லாகும். தீர்ப்பு, சட்டம் என்பன அதன் பொருள். பின்னர் அஃது ஆட்சியையும் நிலையையும் உணர்த்தி, பிற சொற்களின் இறுதியில் ஒட்டி நின்றது. குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் ‘சைல்ட்ஹுட்’ என்பதன் ஈறும் அத்தகையதே. வழக்கு வீழ்ந்த சொல்லை வீசி எறிந்தால், வாழும் சொல்லின் வரலாற்றுக்குரிய சான்றொன்று அழியும். ஆதலின், மரே எச்சொல்லையும் எளிதில் தள்ளினாரல்லர்.

இவ்வகராதி 10 ஆண்டுகளில் முடியும் என முதலில் எண்ணினர். 5 ஆண்டுகள் கழித்து, 1884-இல் வெளிவந்த முதற்பகுதியோ, ஆங்கில முதலெழுத்தாகிய ‘ஏ’யில் தொடங்கும் சொற்களையும் முற்றும் கொள்ளவில்லை! பதிப்பித்தோர் விரைவும் சுருக்கமும் வேண்டி நெருக்கினர். மரே அதற்காகத் தம் பணியின் செம்மையைக் குறைக்க இசையவில்லை. 1908-இல் அவருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1915-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ‘டி’ எழுத்துச் சொற்களை ஆராய்ந்துவந்த காலத்தில், அவர் மறைந்தார்.

1928-இல் பேரகராதி நிறைவெய்தியது. அதன் பக்கங்களில் ஏறத்தாழப் பாதி மரே தொகுத்தவை. முடிந்த நூலை அவர் கண்டாரல்லர். எனினும், அவர் காத்த பழஞ்சொற்கள் கற்பார்க்கு இன்றும் பயன் தருகின்றன. தம் வாழ்நாளுக்குள் முடியாதெனினும், நற்பணியைச் செம்மை குன்றாது ஆற்றுவதே சான்றோர் இயல்பாகும்.