வாடகை வீட்டில் முதுமை கண்ட தியாகி கக்கன்

ஜூபிலி மலர் என்றால் புனிதர்களின் வரலாறும் பங்கின் வரலாறும் அதில் இடம்பெறுவது மரபு. இம்மலரில் நம் பக்கத்து மாவட்டத்தில் பிறந்த பொதுவாழ்வுப் பெரியவர் ஒருவரின் வரலாற்றையும் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் வயது முதிர்ந்த காலத்தில் சொந்தமாக ஒரு கூரையின்றி, அடுத்த மாத வாடகையை எண்ணிக் கலங்கும் முதியோர் நம் நடுவே பெருகிவரும் இந்நாளில், அவரது வாழ்வு நமக்கு நல்லதொரு பாடமாக அமையும். அவரே தியாகி பி. கக்கன் அவர்கள்.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் காலத்தில் கக்கன் பிறந்தார். தந்தையார் ஊர்க்கோயிலில் பூசாரியாக இருந்தவர். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் பள்ளிக்கூடத்துத் திண்ணையை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது. இவர் மேலூரிலும் பின்னர் திருமங்கலத்திலும் கல்வி பயின்றார். மாணவப் பருவத்திலேயே காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டார்.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முறையாக அழைத்துச் செல்லப்பட்டனர். ஏ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அன்று உள்ளே நுழைந்த சிலருள் கக்கனும் ஒருவர். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சேர்ந்து சிறை புகுந்தார். வங்காளத்து அலிப்பூர்ச் சிறையிலும் அடைபட்டுக் கிடந்தார்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் அவர் வகித்த பொறுப்புகள் பல. அரசியல் நிர்ணய சபையில் 1946 முதல் 1950 வரை உறுப்பினராய் இருந்தார். 1952 முதல் 1957 வரை நாடாளுமன்ற மக்களவையில் பணியாற்றினார். காமராஜர் முதலமைச்சரானபின் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமைப் பொறுப்பும் இவரிடம் வந்தது. 1957-இல் பொதுப்பணித்துறை அமைச்சரானார். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோது அத்துறை அவர் கையில்தான் இருந்தது. நிலக்கோட்டைப் பக்கம் வயலும் தோப்பும் வைத்திருக்கும் நம் உறவினர்கள் அந்த அணையின் பயனை நன்கு அறிவார்கள். 1962-இல் விவசாய அமைச்சர், 1963 அக்டோபர் முதல் 1967 வரை உள்துறை அமைச்சர் என்று பத்தாண்டுகள் மந்திரிசபையில் இருந்தார்.

பத்தாண்டுகளில் எத்தனை அணைகள், எத்தனை சாலைகள், எத்தனை கட்டடங்கள் அவர் பார்வையில் எழுந்தன! தமக்கென்று நகரத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு எழவில்லை. 1967 தேர்தலில் மேலூரில் தோல்வியுற்றார். பதவியோடு அரசாங்க பங்களாவும் காரும் போயின. அதன்பின் அவர் வாழ்ந்தது வாடகை வீட்டில். பயணம் செய்தது டவுன் பஸ்ஸில். அவருடைய தலைவரான காமராஜரும் சென்னை திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் வாழ்ந்து, அங்கேயே 1975 அக்டோபர் 2-இல் கண்மூடினார் என்பதை நாடறியும். காமராஜரைச் சுற்றிக் கடைசிவரை ஆட்கள் இருந்தார்கள். கக்கனைச் சுற்றி அப்படி யாரும் இல்லை. முன்னாள் மந்திரி என்ற பெயர் இருந்தது; கையில் வருமானம் இல்லை; உடலில் வலிமையும் குறைந்துவந்தது.

முதுமையில் வாடகைக்குக் குடியிருப்போரின் துன்பம் இதுதான். உழைக்கும் வயதில் வாடகை ஒரு செலவு. முதுமையில் அதுவே பயம். வருமானம் நின்றுவிடும், வாடகை நிற்காது. மருந்துச் செலவு ஏறும்போது வாடகையும் ஏறும். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் புதிய அட்வான்ஸுக்குப் பணம் வேண்டும். ஒத்திக்குப் போகலாமென்றால் கைநிறைய மொத்தத் தொகை வேண்டும். தனியாக இருக்கும் கிழவருக்கோ கிழவிக்கோ வீடு கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். படுத்துவிட்டால் யார் பார்ப்பது, வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதே அந்தத் தயக்கம். முகவரி மாறினால் ரேஷன் கார்டு, பென்ஷன், பழகிய மருத்துவர், பழகிய கோயில் எல்லாமே தூரமாகிவிடுகின்றன.

கக்கன் நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனைக்குத்தான் போனார். தாம் யாரென்று சொல்லிச் சலுகை கேட்கவில்லை. ஏழை எளியவரோடு பொது வார்டில் படுத்திருந்தார். 1979-ஆம் ஆண்டு, முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர்., அங்கே சிகிச்சை பெற்றுவந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில்தான் கக்கன் பொது வார்டில் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. நேரே சென்று பார்த்தார்; மனம் கலங்கினார். அதன்பின் வாடகையில்லாத வீடு, இலவச மருத்துவம், மாதந்தோறும் உதவித்தொகை ஆகியவற்றுக்கு அரசு ஏற்பாடு செய்தது. எதிர்க்கட்சிக்காரர் என்று முதலமைச்சர் ஒதுங்கவில்லை என்பது அவருக்குப் பெருமை. அந்த ஆதரவில் இறுதி நாட்களைக் கழித்த கக்கன், 1981 டிசம்பர் 23-இல் காலமானார். இன்று தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

அன்பார்ந்த பங்கு மக்களே, இவ்வரலாற்றைப் படித்துவிட்டு அவருடைய எளிமையை மெச்சுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. எளிமையை அவர் தாமே விரும்பி ஏற்றார். கைவிடப்பட்ட நிலையை அவர் விரும்பி ஏற்கவில்லை. அது நாட்டின் மறதியால் வந்தது. வேறொரு நோயாளியைப் பார்க்க வந்த முதலமைச்சர் அந்த வார்டுப் பக்கம் திரும்பாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாண்டு மந்திரியாக இருந்தவருக்கே ஒரு தற்செயலால்தான் கூரை கிடைத்தது என்றால், திண்டுக்கல்லில் தோல் ஷாப்பிலும் பூட்டுப் பட்டறையிலும் நூற்பாலையிலும் உழைத்து ஓய்ந்தவரை எந்த முதலமைச்சர் தேடி வருவார்?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆலைத் தொழிலாளருக்கான வருங்கால வைப்புநிதிப் பென்ஷன் 2014-இல் குறைந்தது 1000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. இவற்றில் வாடகை கொடுத்தபின் உலை வைக்க என்ன மிஞ்சும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். குடியிருப்பவரை வெளியேற்றுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. ஆனால் வாய்மொழியாகவே குடியேறிய எழுபது வயது மூதாட்டிக்கு இந்தச் சட்டத்தை யார் எடுத்துச் சொல்வது? அதைச் சொல்லும் கடமை படித்த நம் இளைஞருக்கு உண்டு.

சட்டமும் பென்ஷனும் எட்டாத இடத்திற்கு அன்பு எட்டும். பிரான்ஸ் நாட்டில் 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், புனித ஜான் ஜுகான் என்னும் ஏழைப் பெண் பார்வையிழந்த முதியவள் ஒருத்தியைத் தம் இருப்பிடத்துக்கு அழைத்துவந்து தமது கட்டிலையே கொடுத்தார். அவருக்கும் சொந்த வீடு கிடையாது. அவர் இருந்ததும் வாடகை வீடுதான். அந்த ஒரு கட்டிலிலிருந்து பிறந்ததே, முதியோரைப் பேணும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. கொடுப்பதற்கு மாளிகை வேண்டியதில்லை என்பதை அவர் காட்டிச் சென்றார்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் ஒன்றைச் செய்வோம். ஒவ்வோர் அன்பியத்திலும் வாடகைக்குத் தனித்து வாழும் முதியோர் யார் யார் என்று, மத வேறுபாடு பாராமல், ஒரு கணக்கு எடுப்போம். வாடகைக்கு வீடு விட்டிருப்போர், வயதானவர் என்பதற்காக மட்டும் கதவை மூடாதிருப்போம். காலி செய்யச் சொல்ல நேர்ந்தாலும் மாற்றிடம் கிடைக்கும்வரை பொறுப்போம். நோயில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்று வீட்டுக்காரர் அஞ்சினால், நாங்கள் இருக்கிறோம் என்று அன்பியத்தார் முன்வரட்டும். வாடகை பாக்கி விழுந்த வீட்டைப் புனித வின்சென்ட் தே பவுல் சபையார் மாதக் கடைசிக்கு முன்பே அறியட்டும். சத்திரத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தை ஆண்டுதோறும் குடில் கட்டி நினைவுகூரும் நமக்கு இது பெரிய காரியமன்று.

கக்கனைக் கண்டுகொள்ள ஒரு முதலமைச்சர் வரவேண்டியிருந்தது. நம் தெருவில் இருக்கும் முதியவரைக் கண்டுகொள்ள நாம் வந்தால் போதும்.