அமைதியா, சம உரிமையா? பீட்டர் டோஷ் எழுப்பிய கேள்வி

சேலம், நாமக்கல் மாவட்டச் சிற்றூர்களில் கோயில் நுழைவோ பொதுப்பாதையோ சிக்கலாகும் போதெல்லாம் அதிகாரிகள் 'அமைதிப் பேச்சுவார்த்தை' கூட்டுகிறார்கள். உரிமையை மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் எதிரெதிரே அமர்த்தப்படுகிறார்கள். அமைதி காக்கும் பொறுப்பு இருவர் மீதும் சமமாகச் சுமத்தப்படுகிறது. 2024 மே மாதம் சேலம் மாவட்டம் தீவட்டிப்பட்டியில், மாரியம்மன் கோயில் திருவிழாவில் தலித் மக்கள் வழிபாட்டு உரிமை கேட்டபோதும் பேச்சுவார்த்தைதான் நடந்தது. அது மோதலிலும் கடைகள் எரிந்ததிலும் முடிந்தது. சம உரிமையைத் தள்ளிவைத்துவிட்டு அமைதியை மட்டும் கேட்பது யாருக்கு உதவுகிறது? இக்கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் பாடியவர் ஜமைக்காவின் ரெகே பாடகர் பீட்டர் டோஷ். பாப் மார்லியின் படம் பொறித்த சட்டைகளை நம் கல்லூரி விடுதிகளில் காண்கிறோம். அவரோடு சேர்ந்து பாடிய டோஷை நம்மில் பலர் அறியவில்லை.

வின்ஸ்டன் ஹியூபர்ட் மெக்கின்டாஷ் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1944 அக்டோபர் 19 அன்று வெஸ்ட்மோர்லாண்டில் பிறந்தார். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் உருவான கரும்புத் தோட்டப் பகுதி அது. அடிமை முறை ஒழிந்தபின், 1845 முதல் சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் அவர்களில் இருந்தனர். எனவே அந்த மண்ணின் வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று.

இளவயதில் தலைநகர் கிங்ஸ்டனின் ட்ரெஞ்ச்டவுன் குடிசைப் பகுதிக்கு வந்த டோஷ், அங்கு ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர் ஏழை இளைஞர்களுக்கு நடத்திய இலவச இசை வகுப்பில் சேர்ந்தார். அங்கே பழகிய பாப் மார்லி, பன்னி லிவிங்ஸ்டன் ஆகியோருடன் 1963இல் 'வெய்லர்ஸ்' குரலிசைக் குழு வடிவம் பெற்றது. 1973இல் வெளியான 'கேட்ச் எ ஃபயர்', 'பர்னின்' ஆகிய இரு தொகுப்புகளும் குழுவை உலகறியச் செய்தன. உரிமைக்காக எழுந்து நிற்கச் சொல்லும் 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' பாடலை மார்லியும் டோஷும் சேர்ந்தே எழுதினர். எனினும் விளம்பரத்தின் வெளிச்சம் மார்லி ஒருவர் மீதே குவிந்தது. 1974இல் டோஷ் குழுவை விட்டு விலகினார்.

1976இல் வந்த அவருடைய முதல் தனித்தொகுப்பு 'லீகலைஸ் இட்'. அதன் தலைப்புப் பாடலை ஜமைக்கா வானொலி தடைசெய்தது. அடுத்த ஆண்டு வெளியான 'ஈக்வல் ரைட்ஸ்' அவருடைய அரசியல் முழுமையாக வெளிப்பட்ட தொகுப்பு. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி வீழ்வதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் பாடல் அதில் உண்டு. எந்த நாட்டில் பிறந்தாலும் கறுப்பர் யாவரும் ஆப்பிரிக்கரே என்று உறவு கொண்டாடும் பாடலும் உண்டு. தலைப்புப் பாடலோ, அமைதி வேண்டுவோர் நிறைந்த உலகில் நீதி கேட்போர் அரிதாகிவிட்டதைச் சுட்டுகிறது.

அந்தக் கொள்கைக்கான சோதனை விரைவிலேயே வந்தது. ஜமைக்காவின் இரு பெரும் கட்சிகளுக்காகக் குடிசைப் பகுதி இளைஞர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தனர். அதை நிறுத்துவதற்காக 1978 ஏப்ரல் 22 அன்று கிங்ஸ்டனில் அமைதி இசைவிழா நடந்தது. பிரதமர் மைக்கேல் மேன்லியும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவும் வந்திருந்தனர். மார்லி அவ்விருவரின் கைகளையும் மேடையில் இணைத்தார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. அதே மேடையில் முன்னதாகப் பாடிய டோஷ், பாடல்களுக்கு இடையே நெடுநேரம் பேசினார். ஏழைகளை ஒடுக்கும் அமைப்பையும் காவல்துறையின் கொடுமையையும் அத்தலைவர்களின் முகத்துக்கு நேரே கண்டித்தார். சில மாதங்களில், செப்டம்பரில், காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்று கடுமையாகத் தாக்கினர். கை முறிந்தது, தலையில் காயங்கள் ஏற்பட்டன. விழாவில் கொண்டாடப்பட்ட அமைதியும் நிலைக்கவில்லை. 1980 தேர்தல் ஆண்டின் வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அதன்பின்னும் டோஷ் தம் குரலைத் தணித்துக்கொள்ளவில்லை. 'மாமா ஆப்பிரிக்கா' 1983இலும், அணு ஆயுதப் போரை எதிர்த்த 'நோ நியூக்ளியர் வார்' 1987இலும் வெளிவந்தன. அந்த 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று, வீட்டுக்குள் புகுந்த துப்பாக்கிக்காரர்களால் அவர் கொல்லப்பட்டார். வயது 42. அவருடைய கடைசித் தொகுப்புக்கு மறு ஆண்டு கிராமி விருது கிடைத்தது. அவரை அடித்த அரசு, 2012இல் நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றை அவர் பெயருக்கு வழங்கியது.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஜமைக்காவின் அனுபவத்தை அப்படியே நம் ஊர்களுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் விடுதலை பெற்ற நாட்டில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே ஒடுக்கப்பட்டோரிடம் பொறுமை கேட்கும் நிலை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். கோயிலைப் பூட்டி வைத்துப் பெறும் அமைதி, நுழைவை மறுத்தவருக்கே வெற்றி. தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. வழிபாட்டைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அடுத்த அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படும்போது, வழக்குப் பதிவு செய்யப்பட்டதா, கோயில் கதவு எந்த நாளில் திறக்கப்படும் என்ற இரண்டையும் நாம் முதலில் கேட்க வேண்டும். கையெழுத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.