கொடுத்த விவரம் போதுமா? அல்ஜீப்ராவின் தந்தை அல்குவாரிஸ்மீ கற்றுத் தரும் பாடம்

வங்கித் தேர்வுக்கும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகி வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். 'டேட்டா சஃபிஷியன்சி' என்ற கேள்வி வகை தங்களைப் பாடாய்ப் படுத்துவதாக அவர்களில் பலர் சொல்வார்கள். ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடை என்ன என்று அங்கே கேட்கமாட்டார்கள். விடை காண முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, ஒவ்வொன்றும் தனித்தனியே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்பதுதான் கேள்வி.

கணக்கைச் செய்து பழகிய மாணவனுக்கு, கணக்கைச் செய்ய முடியுமா என்று தீர்மானிப்பது கடினமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி அல்ஜீப்ராவுக்குப் புதிதல்ல. அந்தக் கலைக்குப் பெயர் தந்த நூலிலேயே இது இருக்கிறது. அதை எழுதியவர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ (ரஹ்) அவர்கள்.

குவாரிஸமும் பக்தாதும்

குவாரிஸம் என்பது மத்திய ஆசியாவில், ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமு நதி பாயும் செழிப்பான பகுதி. இன்று அதன் பெரும்பகுதி உஸ்பெகிஸ்தானிலும் துர்க்மெனிஸ்தானிலும் இருக்கிறது. அந்த மண்ணின் பெயரே அவருடைய பெயரானது. அவர் சுமார் கி.பி. 780இல் பிறந்தார். வாழ்ந்ததும் பணியாற்றியதும் பக்தாதில்.

கலீஃபா மன்ஸூர் 762இல் நிறுவிய பக்தாத், இரண்டு தலைமுறைக்குள் உலகின் அறிவுச் சந்தையாகிவிட்டது. கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) 'பைத்துல் ஹிக்மா' என்ற அறிவு இல்லத்தில் கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அரபிக்கு வந்துகொண்டிருந்தன. அங்கே பணியாற்றிய அறிஞர்களில் ஒருவராக அல்குவாரிஸ்மீ அவர்கள் இருந்தார்கள். அதே காலத்தில், அதே நகரில்தான் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் கற்பித்தார்கள். ஒரு பக்கம் மார்க்கச் சட்டக் கலை வடிவம் பெற்றது. மறு பக்கம் கணிதக் கலை. இரண்டும் சந்தித்த இடத்தில் அல்குவாரிஸ்மீ அவர்களின் நூல் பிறந்தது.

அவர் வானியல் அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். அதற்கு அடிப்படை இந்தியாவிலிருந்து பக்தாதுக்கு வந்த சித்தாந்த நூல் மரபு. இந்திய எண்முறையை விளக்கித் தனி நூல் எழுதினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் அமைவைக் குறிக்கும் புவியியல் நூலும் அவருடையது. ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 'அல்-கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல் முகாபலா' என்ற நூல்.

மக்களின் தேவைக்காக ஒரு நூல்

இந்த நூலை எழுதிய நோக்கத்தை முன்னுரையிலேயே அவர் தெளிவுபடுத்துகிறார். வாரிசுப் பங்கு, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்கை எளிதாக்குவதே அவர் எண்ணம். நூலின் ஏறக்குறைய பாதி வஸிய்யத், வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இன்று நாம் எழுதும் எக்ஸ், ஒய் போன்ற குறியீடு எதுவும் அந்நூலில் இல்லை. எல்லாமே சொற்கள்தாம். தெரியாத அளவுக்கு 'ஷய்உ', அதாவது 'ஒரு பொருள்' என்று பெயர். அதையே 'ஜித்ர்' (வேர்) என்றும் சொல்வார். அதன் வர்க்கத்துக்கு 'மால்' (செல்வம்) என்று பெயர்.

'ஜப்ர்' என்றால் குறையைச் சரிசெய்தல். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் இதே சொல்தான். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழித்தல் இருந்தால், இரு பக்கமும் கூட்டி அந்தக் குறையை நிரப்புவது ஜப்ர். இரு பக்கமும் இருக்கும் ஒரே வகையானவற்றை நேர் செய்து நீக்குவது முகாபலா.

வியாபாரக் கணக்கைப் பற்றிய சிறு பகுதியில் அவர் ஓர் அடிப்படையை வகுக்கிறார். கொடுக்கல் வாங்கலில் நான்கு எண்கள் உண்டு. அவற்றில் மூன்று தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கலாம். 6 திர்ஹமுக்கு 10 அளவு என்றால் 4 திர்ஹமுக்கு எவ்வளவு? பத்தை நான்கால் பெருக்கி ஆறால் வகுத்தால் 6⅔. மூன்று விவரம் இருந்தால் போதும்; இரண்டு மட்டும் இருந்தால் போதாது. விவரம் போதுமா என்று பார்க்கும் பழக்கத்தின் முதல் படி இது.

ஆறு வகைகள்

வர்க்கம், வேர், வெறும் எண் என்ற மூன்றையும் வைத்து வரக்கூடிய சமன்பாடுகளை அவர் ஆறு வகைகளாகப் பிரித்தார். வர்க்கம் வேருக்குச் சமம். வர்க்கம் எண்ணுக்குச் சமம். வேர் எண்ணுக்குச் சமம். இவை எளிய மூன்று. வர்க்கமும் வேரும் சேர்ந்து எண்ணுக்குச் சமம்; வர்க்கமும் எண்ணும் சேர்ந்து வேருக்குச் சமம்; வேரும் எண்ணும் சேர்ந்து வர்க்கத்துக்குச் சமம். இவை கூட்டு வகை மூன்று. எந்தக் கணக்கு வந்தாலும், முதலில் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். அதன்பிறகே தீர்க்க வேண்டும்.

நான்காம் வகைக்கு அவர் தந்த உதாரணம் பெயர்பெற்றது. ஒரு வர்க்கமும் அதன் பத்து வேர்களும் சேர்ந்தால் 39. பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39உடன் கூட்டினால் 64. அதன் வேர் 8. அதிலிருந்து 5ஐக் கழித்தால் 3. இதுவே விடை. ஒரு சதுரத்தை வரைந்து, அதன் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டி, விடுபட்ட மூலையை 25 கொண்டு நிரப்பி, இது ஏன் சரி என்றும் காட்டினார்.

தேர்வு எழுதும் பிள்ளைகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே சமன்பாட்டுக்கு மைனஸ் 13 என்ற இன்னொரு விடையும் உண்டு. அல்குவாரிஸ்மீ அவர்கள் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அந்த அளவு ஒரு நிலத்தின் பக்கம், அல்லது ஒருவரின் செல்வம். அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆனால் இன்றைய தேர்வில் அது வெறும் எண் என்றால் இரண்டு விடைகளும் செல்லும், கூற்று போதாது. அதுவே நீளம், விலை, ஆட்களின் எண்ணிக்கை என்றால் மைனஸ் விடை தானே விலகிவிடும், கூற்று போதும். சமன்பாட்டை மட்டுமல்ல, அது எதைப் பற்றியது என்பதையும் படிக்க வேண்டும்.

இரண்டு விடை, ஒரு விடை, விடையே இல்லை

ஐந்தாம் வகையில்தான் அவருடைய நுட்பம் முழுமையாகத் தெரிகிறது. ஒரு வர்க்கமும் 21உம் சேர்ந்தால் பத்து வேர்களுக்குச் சமம். பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதிலிருந்து 21 போனால் 4. அதன் வேர் 2. அதை ஐந்திலிருந்து கழித்தால் 3. ஐந்துடன் கூட்டினால் 7. இரண்டுமே சரி. கூட்டியும் கழித்தும் விடை காணும் வாய்ப்பு கூட்டு வகை மூன்றில் இந்த ஒன்றுக்குத்தான் உண்டு என்று அவர் எச்சரிக்கிறார்.

அதோடு நிறுத்தவில்லை. பாதியின் வர்க்கம் கொடுத்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. இரண்டும் சமமாக இருந்தால் விடை ஒன்றே. அது அந்தப் பாதியேதான். 21க்குப் பதில் 30 என்றால் விடை இல்லை. 25 என்றால் விடை 5 மட்டும். முழுக் கணக்கையும் செய்து பார்க்கத் தேவையில்லை. இரண்டு எண்களை ஒப்பிட்டாலே எத்தனை விடை என்று தெரிந்துவிடும். டேட்டா சஃபிஷியன்சி கேள்வியில் நேரத்தை மிச்சப்படுத்தும் வழியும் இதுவே.

அவருடைய நூலில் இன்னொரு கணக்கு. பத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் 58. இதுவும் மேலே சொன்ன சமன்பாட்டில்தான் வந்து நிற்கிறது. பகுதிகள் 3உம் 7உம். பெரிய பகுதி எது என்று கேட்டால் விவரம் போதும், விடை 7. முதல் பகுதி எது என்று கேட்டால் போதாது. அது மூன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். கொடுத்த விவரம் ஒன்றே. கேள்வி மாறினால் போதுமா என்பதும் மாறிவிடுகிறது.

ஒரு வஸிய்யத் கணக்கு

வஸிய்யத் பகுதியின் தொடக்கக் கணக்கு இது. ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறந்துபோகிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியாள் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கையில் இருப்பது 10 திர்ஹம். ஒரு மகன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறான்.

கடன்பட்ட மகனின் பங்கு, அவன் தர வேண்டிய கடனிலேயே நேர் செய்யப்படும். அப்படிக் கடனிலிருந்து கணக்கில் வரும் தொகையை 'ஷய்உ' என்று வைக்கிறார். மொத்தம் பத்தும் ஒரு ஷய்உம். மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத்துக்குப் போனால் மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு மகன்களுக்கும் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3⅓உம் ஷய்இல் மூன்றில் ஒன்றும். அதுவே கடன்பட்டவனின் பங்கான ஷய்உக்குச் சமம். கணக்கிட்டால் ஷய்உ 5. வஸிய்யத் பெற்றவருக்கு 5, இன்னொரு மகனுக்கு 5; கடன்பட்ட மகனுக்கு அவன் கடனிலிருந்து 5.

கூர்ந்து பாருங்கள். கடன் 10 திர்ஹம் என்ற எண் கணக்குக்குள் நுழையவே இல்லை. கடன் 20ஆக இருந்தாலும் இந்தக் கணக்கில் அதே 5தான் வரும். ஐந்துக்குக் குறையாத கடன் என்று தெரிந்தாலே போதும். ஆனால் கடன் 4 மட்டும் என்றால் நிலை வேறு. மொத்தம் 14, ஆளுக்கு 4⅔, கடன் போக அந்த மகனுக்குக் கையிலிருந்தும் சிறிது வர வேண்டும். எந்த விவரம் அவசியம், எது உபரி, எது எல்லைக்குட்பட்டால் போதும் என்று பிரித்தறியும் பார்வைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மீதிக் கடன் என்னாகும் என்ற சட்டப் பேச்சு தனியானது.

நம் வீட்டுக் கணக்கு

தேர்வில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். பாகப்பிரிவினையில் தவறினால் ஒருவருடைய ஹக் போய்விடும்.

ஒருவர் இறந்துவிட்டார். கடன், வஸிய்யத் எல்லாம் தீர்த்தபின் 24 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரே மனைவி. அவருக்கு எவ்வளவு? இந்த விவரம் போதாது. ஸூரத்துன் நிஸாவின் 12ஆம் வசனம் வகுத்த சட்டப்படி, இறந்தவருக்குப் பிள்ளை இல்லையென்றால் மனைவிக்குக் கால் பங்கு, அதாவது 6 லட்சம். பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று, 3 லட்சம். இறந்தவரின் தந்தை உயிரோடு இருக்கிறார் என்ற கூற்று இந்தக் கேள்விக்கு உதவாது. அவருக்கு ஒரு மகன் இருக்கிறான் என்ற கூற்று ஒன்றே போதும். ஆனால் மகனின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், தந்தை, தாய், மற்றப் பிள்ளைகள் யார் யார் என்ற எல்லா விவரமும் வேண்டும்.

அத்தா மவ்த்தாகிவிட்டார்கள், அம்மாவுக்கு எவ்வளவு என்று ஒற்றை வரியில் ஆலிம்களிடம் ஃபத்வா கேட்பவர்கள் உண்டு. கொடுக்கப்படாத மஹர் ஒரு கடன் என்பதையும், வெளியூரில் கட்டிக்கொடுத்த சகோதரிக்கும் பங்கு உண்டு என்பதையும், வாய்மொழியாகச் செய்த வஸிய்யத்தையும் சொல்லாமல் விட்டுவிட்டால், ஆலிம் போடும் கணக்கில் பிழை இருக்காது. ஆனால் தீர்ப்பு பிழையாகிவிடும். விவரத்தை மறைத்தவர் அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

மேற்கே சென்ற பெயர்

அல்குவாரிஸ்மீ அவர்கள் கி.பி. 850 வாக்கில் மறைந்தார்கள். ஸ்பெயினின் செகோவியா நகரில் 1145இல் செஸ்டர் ராபர்ட் என்பவர் அவருடைய ஜப்ர் நூலை லத்தீனுக்குக் கொண்டுசென்றார். அல்-ஜப்ர் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அவருடைய பெயரின் லத்தீன் வடிவம் 'அல்காரிதம்' ஆயிற்று. இன்று ஒவ்வொரு செல்போனுக்குள்ளும் இயங்கும் செயல்முறைக்கு அந்தப் பெயர்தான்.

பெற்றோர்களே! இந்தப் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. விடைக்கு ஓடுவதற்கு முன், கேட்கப்பட்டது என்ன, கொடுக்கப்பட்டது என்ன, அது போதுமா என்று நிதானிக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். போதாது என்பதும் சரியான விடையாக இருக்கலாம் என்று சொல்லிக்கொடுப்போம். அந்த நிதானம் தேர்வறையிலும் உதவும்; நாளை நம் ஜனாஸாவுக்குப் பிறகு அவர்கள் சொத்தைப் பிரிக்க உட்காரும்போதும் உதவும்.

பயனுள்ள கல்வியையும், பிறர் ஹக்கை முழுமையாகக் கொடுத்துவிடும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.