யானை மேல உட்கார்ந்து தேக்கு மரங்களை எண்ணிய ஜெர்மன்காரர்: இந்தியாவுக்கு வனப் பயிற்சிப் பள்ளி வந்த கதை தெரியுமா?

வனத்துறை தேர்வுல பாஸ் ஆனவங்களை நேரா காட்டுக்குள்ள அனுப்பிட மாட்டாங்க. முதல்ல பயிற்சி. மரத்தை அளக்கணும், வரைபடம் படிக்கணும், தீத்தடுப்புக் கோடு போடணும், சட்டம் தெரிஞ்சிருக்கணும். காட்டைப் பார்த்துக்கொள்வதும் ஒரு தொழில், அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் வேணும் என்ற எண்ணம் இந்தியாவுக்கு வந்து சுமார் 150 வருஷம்தான் ஆகிறது. அதன் பின்னால் இருந்தவர் டீட்ரிச் பிராண்டிஸ். ஆங்கிலேயர் இல்லை, ஜெர்மன்காரர். இன்னொரு ஆச்சரியம், அவரே எந்த வனப் பள்ளியிலும் படித்தவர் கிடையாது!

யார் இந்த பிராண்டிஸ்?

1824ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகரத்தில் பிறந்தார். அப்பா தத்துவப் பேராசிரியர். சின்ன வயதில் சில காலம் கிரேக்கத்தின் ஏதென்ஸில் குடும்பத்தோடு இருந்தார். படித்தது தாவரவியல். படிப்பு முடித்து பான் பல்கலைக்கழகத்திலேயே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் இந்தியா பக்கம் வந்ததற்குக் காரணம் கல்யாணம். அவர் மணந்த ரேச்சல், வங்காளத்தின் செராம்பூரில் இருந்த பிரபல மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். ரேச்சலின் சகோதரியின் கணவர் ஹென்றி ஹாவ்லாக், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. இந்த உறவு வழியாகத்தான் பிராண்டிஸ் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காதுக்குப் போனது. சிபாரிசுதான், வேறென்ன. ஆனால் அந்த சிபாரிசு வீண்போகவில்லை.

1856ல் அவருக்குக் கிடைத்த வேலை, பர்மாவின் பெகு பகுதியில் தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளர்.

பெகு காட்டில் என்ன பிரச்சனை?

அப்போ தேக்கு என்றால் கப்பல். பர்மாவின் தெனாசெரிம் பகுதி பிரிட்டிஷார் கைக்கு வந்த சில பத்தாண்டுகளில், அங்கிருந்த நல்ல தேக்கை மர வியாபாரிகள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். 1852ல் பெகுவும் கைக்கு வந்தது. அதுவும் அப்படியே ஆகிவிடுமோ என்பதுதான் அரசின் கவலை. காட்டின் மேல் பாசம் எல்லாம் இல்லை, மரம் தொடர்ந்து கிடைக்கணும், அவ்வளவுதான்.

இங்கேதான் பிராண்டிஸ் ஒரு அடிப்படைக் கேள்வியைக் கேட்டார். காட்டில் எத்தனை மரம் இருக்கு? யாருக்கும் தெரியாது. எண்ணவும் வழி இல்லை. மழை, ஆளை மறைக்கும் புல், மூங்கில் புதர், மலேரியா. எனவே யானை மேல் ஏறிக்கொண்டார். மலைமுகட்டு வழியாக நேர்க்கோட்டில் யானை போகும். கையில் சில மூங்கில் குச்சிகள், ஒரு கத்தி. பருத்த தேக்கு கண்ணில் பட்டால் ஒரு குச்சியில் ஒரு வெட்டு. அதைவிடச் சிறியது என்றால் அடுத்த குச்சியில் வெட்டு. இப்படி சுற்றளவை வைத்து நான்கு வகை. சாயங்காலம் முகாமுக்குத் திரும்பியதும் குச்சிகளில் உள்ள வெட்டுகளை எண்ணி நோட்டில் ஏற்றிவிடுவார். மழையில் காகிதம் நனையும், குச்சிக்கு ஒன்றும் ஆகாது பாருங்க.

இந்த எண்ணிக்கையில் இருந்துதான் வெட்டும் கணக்கு பிறந்தது. உதாரணத்துக்கு, இரண்டாம் வகை மரம் முதல் வகை அளவுக்குப் பருக்க 20 வருஷம் ஆகும் என்று வையுங்கள். அப்படீன்னா முதல் வகை மரங்களில் வருஷத்துக்கு இருபதில் ஒன்றை மட்டும் வெட்டலாம். கடைசி மரம் வெட்டப்படும்போது அடுத்த வரிசை தயாராக நிற்கும். வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கிற மாதிரி. வேகமாக வெட்டி விற்க நினைத்த மர வியாபாரிகளுக்கு இது பிடிக்குமா? கடுமையாக எதிர்த்தார்கள். அவர் அசையவில்லை.

மலையில் காட்டை எரித்துப் பயிர் செய்த கரேன் மக்களை அவர் விரட்டாமல், பயிரோடு சேர்த்துத் தேக்கு விதையையும் ஊன்றச் சொன்னார். அவர்கள் இடம் மாறிப் போகும்போது பின்னால் ஒரு தேக்குத் தோப்பு வளர்ந்துகொண்டிருக்கும். பர்மிய மொழியில் மலைவயலுக்கு டாங்க்யா என்று பெயர். அந்தப் பெயரிலேயே இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. இதில் லாபம் யாருக்கு, உழைப்பு யாருடையது என்ற விவாதம் இன்றும் உண்டு.

பள்ளி எப்படி வந்தது?

1864ல் இந்திய வனத்துறை உருவானது. பிராண்டிஸ்தான் முதல் வனத் தலைமை ஆய்வாளர். துறை வந்தாச்சு, ஆள்? ராணுவத்தில் இருந்தவர்கள், டாக்டர்கள், வேட்டைப் பிரியர்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போ பிரிட்டனிலேயே வனக்கல்வி கிடையாது. எனவே இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஜெர்மனிக்கும், பிரான்ஸின் நான்சி நகர வனப் பள்ளிக்கும் படிக்க அனுப்ப பிராண்டிஸ் ஏற்பாடு செய்தார்.

அதிகாரிகளுக்கு அது சரி. ஆனால் காட்டில் தினமும் நடப்பவர்கள் ரேஞ்சர்களும் ஃபாரஸ்டர்களும்தான். அவர்கள் இந்தியர்கள். அவர்களுக்காக 1878ல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியது. ஃபிரடெரிக் பெய்லி என்ற ராணுவப் பொறியாளர் அதற்குத் தலைவர். பக்கத்தில் இருந்த காடுகளையே பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். வருஷத்தில் கொஞ்ச காலம் வகுப்பறை, மீதி காலம் கூடாரம். மரத்தைப் பார்த்துத்தான் மரத்தைப் படிக்கணும் என்பதில் பிராண்டிஸ் விட்டுக்கொடுக்கவே இல்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கு. பள்ளியில் இந்தியர்கள் படிக்கலாம், ஆனால் ரேஞ்சர் வரைதான். மேல் பதவிகள் ரொம்ப காலத்துக்கு ஐரோப்பியர்கள் கையில். இத்தனைக்கும் இந்தப் பள்ளி வருவதற்கு 30 வருஷங்களுக்கும் முன்பே, நிலம்பூரில் கலெக்டர் கானலிக்காக லட்சக்கணக்கில் தேக்குக் கன்றுகளை வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன் என்ற மலையாளி!

தோற்றுப்போன வாதம்

1870களில் புதிய வனச் சட்டம் வந்தபோது அரசுக்குள் பெரிய சண்டை. பேடன்-பவல் என்ற அதிகாரி, காடு முழுக்க அரசுக்கே சொந்தம் என்றார். பிராண்டிஸ் நடுவில் நின்றார். முக்கியமான காடு அரசிடம் இருக்கட்டும், ஆனால் ஊருக்கு ஊர் கிராமக் காடு வேணும், அதை ஊர்க்காரர்களே நிர்வகிக்கட்டும் என்பது அவர் வாதம். 1878 சட்டத்தில் கிராமக் காடு என்ற பிரிவு இடம்பெற்றது. நடைமுறையில் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போன மக்கள் குற்றவாளிகள் ஆனார்கள். பிராண்டிஸை இதில் முழுசாக விடுவிக்க முடியாது. அந்தத் துறையைக் கட்டியதே அவர்தானே.

அந்தச் சட்டத்தை மெட்ராஸ் மாகாணம் ஏற்கவில்லை. மக்களுக்குக் காட்டில் பழைய உரிமைகள் இருக்கு என்று இங்கிருந்த அதிகாரிகள் வாதாடினார்கள். 1881ல் பிராண்டிஸே இங்கு வந்து மாகாணத்தைச் சுற்றிப் பார்த்தார். விளைவு, 1882 மெட்ராஸ் வனச் சட்டம். தமிழ்நாடு வனச் சட்டம், 1882 என்ற பெயரில் அது இப்பவும் நடைமுறையில் இருக்கு. நம்ம ஊர்க் கோயில்காடுகளையும் அவர் கவனித்திருக்கிறார். ஏலகிரியின் சாமி சோலை பற்றி எழுதியிருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு?

1883ல் ஓய்வு பெற்று பானுக்குத் திரும்பினார். ஆனாலும் கற்பிப்பதை விடவில்லை. அங்கே அவரைத் தேடி வந்த ஒரு அமெரிக்க இளைஞர், கிஃபோர்ட் பின்ஷோ. பிராண்டிஸ் அவரை நான்சிக்குப் படிக்க அனுப்பினார், கடிதம் வழியாக வழிகாட்டினார். அந்த இளைஞர்தான் 1905ல் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவர் ஆனார். அவர் பரிந்துரைத்த இன்னொரு ஜெர்மானியர் கார்ல் ஷெங்க், 1898ல் அமெரிக்காவின் பில்ட்மோரில் வனப் பள்ளி தொடங்கினார்.

80 வயதைத் தாண்டியும் இந்திய மரங்களைப் பற்றிய பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். 1906ல் அது வெளியானது. அடுத்த ஆண்டு மே மாதம் பான் நகரில் காலமானார். தென்னிந்திய ரேஞ்சர்கள் பயிற்சிக்காக டேராடூன் வரை போகவேண்டிய நிலை அதற்குப் பின்னும் ஐந்து வருஷம் நீடித்தது. 1912ல் கோயம்புத்தூரில் மெட்ராஸ் வனக் கல்லூரி திறக்கப்பட்டது.